மாமல்லபுரத்தைச் செய்தவன் யார்?
(செங்கற்பட்டில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம், பெரிய படைப்புகள் என்பவை அவற்றைச் செய்தவர்களுடைய அறிவையும் பழக்கவழக்கங்களையும் எப்படிக் காட்டுகின்றன என்பதாகும். விஷயம் கொஞ்சம் பெரியதுதான். ஆனாலும் இதற்காக நாம் ரோமாபுரிக்கோ ஏதென்சுக்கோ போக வேண்டியதில்லை. இந்தச் செங்கற்பட்டிலிருந்து கிழக்கே திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் கடல் வந்துவிடுகிறது. அங்கே உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற படைப்பு ஒன்று கிடக்கிறது. 1984-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை உலகச் சொத்து என்று ஜாபிதாவில் சேர்த்தது. ஆகவே மாமல்லபுரத்தையே எடுத்துக்கொண்டு, அதைச் செய்தவன் யார், அவன் புத்தி எப்படிப்பட்டது, அந்தப் புத்தி அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

முதலில் "செய்தவன் யார்" என்கிற கேள்வி. இதற்கு நம் ஜனங்கள் சொல்லுகிற பதில்கள் மூன்று வகை. ஒரு சாரார், பஞ்ச பாண்டவர்கள் செய்தது, தேவ சிற்பி மயன் செய்தது என்பார்கள். இரண்டாவது சாரார், ராஜா செய்தது என்பார்கள். மூன்றாவது சாரார், கதைப் புத்தகத்தில் படித்ததைச் சொல்லுவார்கள். 1944-ம் வருஷம் முதல் "கல்கி" பத்திரிகையில் "சிவகாமியின் சபதம்" என்கிற நாவல் வாராவாரம் வந்தது. அதில் வருகிற ஆயனச் சிற்பியார்தான் மாமல்லபுரத்தைச் செதுக்கினார் என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிலேயே அநேகர். நாவலாசிரியர் கற்பனைக்குப் பேர் வைத்தார். அது அவர் தொழில். ஆனால் கற்பனையைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ளுவது நம் சோம்பேறித்தனமாகும்.

பாண்டவர் சங்கதியைப் பாருங்கள். ஐந்து ரதம் என்கிறார்கள். அவை ரதமும் அல்ல, பாண்டவருக்கும் அவற்றிற்கும் சம்பந்தமும் இல்லை. கோவிலாகச் செய்யப்பட்ட கல்லுக்குப் பிற்காலத்தில் எவரோ வைத்த பேர் அது. இப்படியே ஒரு பெரிய பாறை சரிவிலே நின்றால் அது கிருஷ்ணனுடைய வெண்ணெய் உருண்டையாம். மழையும் வெயிலும் காற்றும் ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கல்லின் மூலை முடுக்குகளைத் தின்றுவிட்டால் அது உருண்டையாகத்தான் நிற்கும். அதற்குக் கிருஷ்ணனும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம். அதுவுமல்லாமல், மாமல்லபுரத்தில் பாதி வேலையோடு நின்றுபோன குகைகளும் கோவில்களும் எத்தனை! தேவர்கள் செய்திருந்தால் பாதியில் நிறுத்துவானேன்? கூலி பாக்கியா? பணம் தீர்ந்தது, ராஜா மாறினான், யுத்தம் வந்தது என்பதெல்லாம் மனிதர்களுக்கு உள்ள தொல்லைகளே தவிர தேவர்களுக்கு உள்ளவையா என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையில் அந்தப் பாதி வேலைகள்தான் நமக்குப் பெரிய உபாத்தியாயர்கள். பாறையின் முகத்தைச் சுமார் இரண்டு அடிச் சதுரங்களாகக் கோடு போட்டுப் பள்ளம் வெட்டி, பிறகு நடுவில் நிற்கும் கட்டைகளைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டம் கட்டமான அடையாளம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. ரதங்களில் மேல் பாகத்து வேலை தீர்ந்திருக்கிறது, கீழே அடிப்பாகம் முரட்டுக் கல்லாகக் கிடக்கிறது. ஆகவே மேலேயிருந்து கீழே வேலை செய்துகொண்டு வந்தார்கள் என்பது பிரத்தியட்சம். சாரம் கட்டுகிற தொல்லை மிச்சம். இது கணக்கு, அளவு, யோசனை ஆகியவற்றால் ஆன காரியமே ஒழிய அருளால் ஆனதல்ல.

இனி, ராஜா செய்தான் என்கிற பதிலுக்கு வருவோம். இதற்கு ராஜாக்களுடைய கல்வெட்டே சாட்சி சொல்லட்டும். இந்த ஊருக்குப் பக்கத்திலேயே வல்லம் என்கிற கிராமம் இருக்கிறது. அங்கே குன்றில் குடைந்த ஒரு சின்னக் குகைக்கோவில். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மகேந்திரவர்மன் காலத்தில் ஏற்பட்டது. அதிலே தமிழில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மகேந்திரனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரசன் என்பவனுடைய மகன் கந்தசேனன் "செயிவித்த" கோவில் என்று அது சொல்லுகிறது. தோழர்களே! அந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். "செய்த" என்று போடவில்லை. "செயிவித்த" என்று போட்டிருக்கிறான். அதாவது, பிறரைக் கொண்டு செய்யச் சொன்ன என்று அர்த்தம். தெற்கே விழுப்புரம் பக்கத்தில் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மனே வடமொழியில் எழுதி வைத்திருக்கிற சாசனத்திலும், இந்தக் கோவிலை நிர்மாணம் செய்வித்தான் என்கிற பொருளில்தான் வினைச்சொல் இருக்கிறது. 1,400 வருஷங்களுக்கு முந்திய ராஜாவுக்கு இருந்த நாணயங்கூட இன்றைக்குச் சரித்திரப் பாடம் எழுதுகிறவர்களுக்கு இல்லை. அவன் "செய்வித்தேன்" என்றான். இவர்கள் "செய்தான்" என்று எழுதிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறார்கள்.

அப்படியானால் செய்தவன் பேர் இல்லவே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு மேற்கே, திருக்கழுக்குன்றம் போகிற பாதையில், பூஞ்சேரி என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு பாறையில், பல்லவர் காலத்து எழுத்திலே சில பேர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் செமகன் என்று கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர்கள் படித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். பட்டமில்லை, பரம்பரை இல்லை, சூரிய வம்சம் சந்திர வம்சம் இல்லை. மாமல்லபுரத்துக் கோவில்களில் ராஜாவின் பட்டப்பேர்கள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. கடற்கரைக் கோவிலில் இருக்கிற சாமிக்கே ராஜசிம்ம பல்லவேசுவரர் என்று ராஜாவின் பேரைத்தான் சோழர் காலத்துக் கல்வெட்டுச் சொல்லுகிறது. சாமிகூட ராஜா பேரில்தான் இருக்க வேண்டும்! ஆனால் உளி பிடித்தவன் பேர் இரண்டு கல் தூரத்துக்கு அப்பால், பார்ப்பாரற்ற பாறையில் கிடக்கிறது.

அந்தச் சில பேர்களிலிருந்து எவ்வளவு விஷயம் தெரிகிறது பாருங்கள். ஒருவர் திருவொற்றியூர்க்காரர், ஆகவே வேலைக்கு வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர் கொல்லர். கல்வேலைக்குக் கொல்லன் எதற்கு? கருங்கல்லில் உளி வைத்தால் சீக்கிரத்தில் முனை மழுங்கிவிடும். காய்ச்சித் தட்டித் துவைச்சல் வைத்துக் கொடுக்கிற கொல்லன் பக்கத்தில் இல்லாவிட்டால் சிற்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே அந்த வானத்துத் தேவதைகளின் அழகிலே இந்தக் கொல்லனுடைய துருத்திக் காற்றும் கலந்திருக்கிறது. இன்னொருவர் பெருந்தச்சர். இந்தத் "தச்சன்" என்கிற வார்த்தைதான் நம்முடைய இன்றைய விஷயத்துக்குத் திறவுகோல்.

தச்சன் என்றால் யார்? மர வேலை செய்கிறவன். கல்வேலை செய்கிறவனுக்கும் அதே பேர் ஏன் வந்தது? மர வேலையிலிருந்து கல் வேலைக்கு வந்ததனால்தான். வார்த்தை சொல்லுகிற இந்தச் சங்கதியைக் கல்லும் சொல்லுகிறது. ரதங்களிலே முதலில் நிற்பது திரௌபதி ரதம் என்பது. அது என்ன? நம்முடைய கிராமத்துக் கூரை வீடு! நாலு பக்கமும் வளைந்து இறங்குகிற ஓலைக் கூரையை அப்படியே கருங்கல்லில் செய்து வைத்திருக்கிறான். பீம ரதத்தின் கூரை கூண்டு வண்டியின் கூடாரம் போல வளைந்திருக்கிறது. மூங்கிலை வளைத்துக் கட்டி மேலே வேய்ந்தால்தான் அந்த உருவம் வரும். மற்ற ரதங்களில் உத்தரத்தின் நுனி, வாரைக்கட்டையின் நுனி, வளைந்த மரச் சன்னல் எல்லாம் கல்லில் இருக்கின்றன. கல்லுக்கு உத்தரம் எதற்கு? வாரை எதற்கு? ஒன்றும் வேண்டியதில்லை. ஒரே பாறையில் குடைந்த கோவில், கூரை விழுந்துவிடும் என்கிற பயமில்லை. ஆனாலும் அவன் கை அதைச் செய்கிறது. ஏனென்றால் அவனுடைய தகப்பனும் பாட்டனும் அப்படித்தான் கட்டினார்கள். கோவில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவன் கண் பழகிவிட்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள அதிசயமல்ல. கிரேக்கர்களுடைய கோவில்களிலே தூணுக்கு மேலே வரிசையாகக் காணப்படும் கல் பட்டைகள், ஆதியில் இருந்த மரக் கோவிலின் உத்தர நுனிகளே என்று பழைய கட்டட சாஸ்திரக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். மேற்கே கார்லேயில் பௌத்தர்கள் மலையைக் குடைந்து செய்த மண்டபத்தில், கல் கூரைக்கு அடியில் அசல் மர வளைவுகளையே பொருத்தி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு பெரிய படைப்பு என்பது ஆகாயத்திலிருந்து விழுவதல்ல. அதற்கு முன்னால் அழிந்துபோன ஆயிரம் சின்னப் படைப்புகளின் பிள்ளை அது. மரம் மக்கிப் போயிற்று, ஓலை எரிந்து போயிற்று, கல் நிற்கிறது.

செங்கல் கோவில் இருந்ததற்கும் இப்போது கண்கூடான ருஜு கிடைத்திருக்கிறது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அடித்த பிறகு, மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையிலே கல்வெட்டுத் தென்பட்டது. அதைக் கொண்டு புதைபொருள் இலாகாவார் 2005-ல் தோண்டினார்கள். ஒரு முருகன் கோவிலின் அடிப்பாகம் வந்தது. பல்லவர் காலத்துக் கல் வேலைக்குக் கீழே, அதற்கும் முந்திய செங்கல் கோவில் ஒன்று இருந்தது. கடல் செய்த அக்கிரமத்திலும் நமக்கு இந்த ஒரு பாடம் மிஞ்சிற்று.

அடுத்தபடியாக, அந்தப் புத்தி எங்கிருந்தெல்லாம் வந்தது என்று பார்ப்போம். இங்கே இரண்டு விதப் பிடிவாதக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர், எல்லாம் வடக்கேயிருந்து வந்தது, சாஸ்திரம் சொல்லிற்று, இங்கேயுள்ளவன் கையை மாத்திரம் ஆட்டினான் என்பார். மற்றொருவர், எல்லாம் நம்முடையதே, எவனிடமும் நாம் ஒன்றும் வாங்கவில்லை என்று மார் தட்டுவார். முதலாவதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். இரண்டாவதைச் சொன்னால் கை தட்டுவீர்கள். ஆனால் நான் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம், கல் ஒத்துக்கொள்ளவில்லை.

சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு யானையைச் செதுக்கி, பொருத்தம் பார்த்துக்கொள் என்று சிரிப்பது போல நிறுத்தி வைத்திருக்கிறான். அந்த உருவம் பௌத்தர்களுடைய சைத்தியங்களில் பழகிவந்த உருவம். தர்மராஜ ரதத்தின் அடுக்கடுக்கான மாடிகளைப் பார்க்கிறவர்களுக்குப் பிக்குகள் வாசஞ்செய்த விகாரத்தின் ஞாபகம் வரும். ஒல்லியான இடுப்பும் நீண்ட கைகால்களும் உள்ள ஆண் பெண் உருவங்கள், கிருஷ்ணா நதிக் கரையிலே அமராவதியில் பௌத்தர் செய்த சிற்பங்களின் சொந்தக்காரர்கள் என்று ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். பல்லவர்களுடைய ஆதிச் சாசனங்களும் அந்தக் குண்டூர்ச் சீமைப் பக்கம் பிராகிருத பாஷையில் கிடைத்தவைதான். சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே விஷயத்தை ஒரு சுவரில் இங்கத்திய கிரந்த எழுத்திலும், எதிர்ச் சுவரில் வடக்கத்திய நாகரி எழுத்திலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் வெளியிலிருந்து வந்த அறிவு.

நம் மண்ணின் சங்கதியும் இல்லாமலில்லை. கிருஷ்ண மண்டபத்திலே கோவர்த்தன மலைக் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. கதை வடநாட்டுக் கதை. ஆனால் அங்கே மாடு கறக்கிறவன், கன்றை நக்குகிற பசு, தலையில் பால் பானைகளைச் சுமந்து வருகிற பெண், குழல் ஊதுகிறவன் ஆகியவர்கள் எல்லாம் யார்? நம்முடைய முல்லை நிலத்து இடையர்கள். சிற்பி எந்தப் பிருந்தாவனத்தையும் போய்ப் பார்த்ததில்லை. பாலாற்றங்கரையில் தான் கண்ட ஆயனையே செதுக்கிவிட்டான். திரௌபதி ரதத்துக்குள்ளே இருப்பது திரௌபதி அல்ல. துர்க்கை, நம் பழைய கொற்றவை. அவள் காலடியில் ஒரு வீரன் மண்டியிட்டு, தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, கத்தியைத் தன் கழுத்திலேயே வைத்திருக்கிறான். தலையை அறுத்து வைப்பது நம்முடைய பழைய வழக்கந்தான், தமிழனுடையதுதான். அதற்காக அதை மெச்சிக்கொள்ளலாமா? ஒரு பழக்கம் நம்முடையது என்பதனாலேயே அது நல்லதாகிவிடாது. ஒரு அறிவு பிறருடையது என்பதனாலேயே அது கெட்டதாகிவிடாது. இந்த இரண்டையும் அந்த ஒரு குடிசைக் கோவில் நமக்குச் சொல்லுகிறது.

இனி அக்காலத்து மனோபாவத்தைப் பார்ப்போம். மகேந்திரவர்மன் "மத்தவிலாசம்" என்று வடமொழியில் ஒரு கேலி நாடகம் எழுதினான். 1917-ம் வருஷம் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் அதை அச்சிட்டார். காஞ்சீபுரத்துத் தெருவிலே ஒரு காபாலிகன் குடித்துவிட்டு, தன்னுடைய கபால ஓட்டைத் தொலைத்துவிடுகிறான். பௌத்த பிக்கு திருடினான் என்று சண்டைக்குப் போகிறான். அந்தப் பிக்குவோ, புத்தர் கள்ளையும் பெண்ணையும் ஏன் விலக்கினார், கிழட்டுப் பிக்குகள் அந்தப் பாகத்தை மறைத்துவிட்டார்களோ என்று தவிக்கிறவன். பாசுபதன் ஒருவன் மத்தியஸ்தத்துக்கு வருகிறான். கடைசியில் பார்த்தால் ஓட்டை ஒரு நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அது ஒரு பைத்தியக்காரன் கையில் இருக்கிறது. மடங்களும் மதங்களும் அடித்துக்கொள்ளுகிற பொருள் நாய் வாயில் போன மண்டை ஓடு! இதை எழுதினவன் நாஸ்திகன் அல்ல. கோவில் செய்வித்த சைவ ராஜா. அப்படியிருந்தும் அவனுக்கு இதைச் சொல்லத் தைரியம் இருந்தது; கேட்டுச் சிரிக்கச் சபையும் இருந்தது.

அந்தச் சிரிப்பே கல்லிலும் இருக்கிறது. தொண்ணூறு அடி அளவுக்கு நீண்ட பெரிய பாறைச் சிற்பத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை அர்ச்சுனன் தபசு என்பார் ஒரு கட்சியார். அது பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதை என்று 1914-ல் கோலூபேவ் என்கிற ருஷியாவில் பிறந்த ஆராய்ச்சியாளர் எடுத்துச் சொன்னார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. யார் காலத்தில் செய்தது என்பதும் அப்படியே. முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லன் காலத்தில் பெரும்பாலும் என்பது ஒரு கட்சி. எல்லாமே ராஜசிம்மன் ஒருவன் காலத்தது என்று 1962-ல் நாகசாமி என்கிற ஆராய்ச்சியாளர் எழுதினார். வாதாடட்டும், வாதாடினால்தான் அறிவு வளரும். நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது கீழே நிற்கும் பூனையை. மேலே ஒரு தவசி, எலும்பும் தோலுமாக, ஒற்றைக் காலில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறான். கீழே ஒரு பூனை, அதே மாதிரி நின்று, அதே மாதிரி கைகளைத் தூக்கியிருக்கிறது. அதன் காலடியில் எலிகள் பயமில்லாமல் உலாவுகின்றன. என்ன நடக்கும் என்பது எலிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்!

பூனைத் தவசியின் கதை பாரதத்திலேயே இருக்கிறது. ஆகவே சிற்பி புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஆனால் எங்கே வைத்தான் என்பதுதான் விசேஷம். ஆயிரம் பேர் கையெடுத்துக் கும்பிட வருகிற தவசிக்குக் கீழேயே, அதே கோலத்தில் பூனையை வைத்தான். கும்பிடுகிறவன் குனிந்தால் பூனை கண்ணில் படும். "கோலத்தைக் கண்டு ஏமாறாதே" என்று இதைவிடச் சுருக்கமாக எந்தப் பிரசங்கி சொல்லிவிட முடியும்?

ஆனால் அதே ஊரில் அதற்கு நேர் விரோதமான புத்தியும் கல்லில் இருக்கிறது. கணேச ரதத்திலும் இன்னும் சில மண்டபங்களிலும் ஒரு வடமொழிச் சாபம் வெட்டப்பட்டிருக்கிறது. எவன் நெஞ்சில் ருத்திரன் இல்லையோ அவன் நாசமாய்ப் போகட்டும் என்பது அதன் கருத்து. ஒரு தடவை அல்ல, ஆறு தடவை! ராமாநுஜ மண்டபத்திலும் அந்தச் சாபம் இருக்கிறது. அதன் பலன் என்ன தெரியுமா? பிற்காலத்தில் வேறு சமயத்தார் கை ஓங்கியபோது, அந்த மண்டபத்துச் சைவச் சிற்பங்களை உளியாலேயே கொத்தி எடுத்துவிட்டார்கள். சங்கையும் சக்கரத்தையும் வெட்டி வைத்தார்கள். செய்ததும் உளி, அழித்ததும் உளி. நாடகத்தில் சிரித்த புத்தியால் நமக்குப் பூனை கிடைத்தது. சாபமிட்ட புத்தியால் நமக்குக் கொத்தப்பட்ட சுவர் கிடைத்தது. ஒரே வம்சத்துப் பரம்பரையில் இரண்டும் உண்டு. பரம்பரை, பரம்பரை என்று பேசுகிறவர்கள் இவற்றில் எந்தப் பரம்பரையைச் சொல்லுகிறார்கள் என்று நாம் கேட்க வேண்டாமா?

தோழர்களே! பரம்பரை மாத்திரமே எல்லாவற்றையும் செய்துவிடுவதில்லை. அந்தப் பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்ளுகிறது. யானையின் வயிற்றுக்கடியில் குட்டிகள் படுத்துக் கிடக்கின்றன. தனியே ஒரு கல்லில் குரங்குக் குடும்பம்: பெண் குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது, ஆண் குரங்கு அதற்குப் பேன் பார்க்கிறது. எந்தச் சாஸ்திரம் மான் மூக்கைச் சொறியும் என்று எழுதியிருக்கிறது? எந்த ஆகமம் குரங்கு பேன் பார்ப்பதற்கு அளவு கொடுத்திருக்கிறது? இவை அவனுடைய சொந்தக் கண் கொடுத்த பாடங்கள். ஏட்டில் இருந்ததை ஏட்டுப்படி செய்தான். கண்ணால் கண்டதைக் கண்டபடி செய்தான். 1,300 வருஷத்துக்குப் பிறகும், எந்த மதத்துக்காரனும் எந்தத் தேசத்துக்காரனும் நின்று பார்த்துச் சிரித்து மகிழ்வது இந்த இரண்டாவதைத்தான். பரம்பரை உளியைக் கொடுத்தது, கண் அவனுடையது.

இன்னும் ஒன்று. பரம்பரையை மீறுகிற துணிவும் அவர்களுக்கு இருந்தது. மண்டகப்பட்டுச் சாசனத்திலே மகேந்திரவர்மன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுவது என்ன? செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோவில் செய்வித்தேன் என்பதுதான். "என் பாட்டன் செய்தபடியே செய்தேன்" என்று அவன் சொல்லவில்லை. அவர்கள் உபயோகித்த நாலும் வேண்டாமென்றேன் என்று சொல்லுகிறான். தமிழ்நாட்டில் கல் என்பது செத்தவனுக்கு நடுகிற கல்லாக இருந்தபடியால்தான் அதைக் கோவிலுக்கு உபயோகிக்க வெகு நாள் கூசினார்கள் என்று சில ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அப்படியானால் அந்தக் கூச்சத்தை உடைத்ததும் ஒரு சீர்திருத்தமே. அன்றைக்கு யாராவது ஒரு வைதிகர், "வழக்கமில்லாததைச் செய்யாதே" என்று தடுத்து, அவர்களும் அடங்கியிருந்தால் இன்றைக்கு மாமல்லபுரம் ஏது? பழமைப் பெருமை பேசுகிறவர்கள் காட்டுகிற பழமையே, பழமையை மீறியதால் வந்ததுதான்.

கடைசியாக, இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எகிப்து தேசத்தில் அரசர்களுடைய கல்லறைகளை வெட்டிச் சித்திரம் எழுதிய தொழிலாளிகள் தெய்ர் எல் மெதீனா என்கிற கிராமத்தில் வசித்தார்கள். மூன்றாம் ராம்சேஸ் அரசனுடைய 29-ம் ஆட்சி வருஷத்தில், தானியக் கூலி வரவில்லை என்று அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். உலகத்தில் எழுத்தில் பதிந்த முதல் வேலைநிறுத்தம் அது. அவர்களுடைய பேர், சண்டை, கடன், வைத்தியம் எல்லாம் ஓட்டுச் சில்லுகளில் கிடைத்து, இன்றைக்குப் புத்தகம் புத்தகமாக வந்திருக்கின்றன. அவர்கள் ராஜாவைப் போலவே சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டார்கள். நம் கேவாத பெருந்தச்சனுக்கும் கொல்லன் செமகனுக்கும் எந்தப் பள்ளிக்கூடப் பாடத்தில் இடம் கொடுத்திருக்கிறோம்?

மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் இன்றைக்கும் நிற்கவில்லை. 1957-ம் வருஷத்தில் அங்கே ஏற்பட்ட சிற்பப் பயிற்சி ஸ்தாபனம் பிறகு அரசாங்கக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. அதை நடத்திய கணபதி ஸ்தபதியார் அமைத்ததுதான், 2000-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை. ஆகவே கை மறந்துபோகவில்லை. ஆனால் தெருவோரப் பட்டறையைப் பாருங்கள். முன்னே கைஉளி, இப்போது மின்சாரச் சக்கரம். அது சுழன்றால் மாவு போல் தூசி எழும்புகிறது. கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் போய்த் தங்கினால் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும்; வந்த நோய்க்கு மருந்தில்லை, வராமல் தடுக்கத்தான் முடியும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். முகத்துக்குத் தக்க மூடி போட்டால் பாதி ஆபத்துத் தீரும். கல்லில் செய்த சாமிக்குக் கூரை போட ஓடி வருகிற நாம், அந்தக் கல்லைச் செய்கிறவனுடைய மார்புக்கு ஒரு முழத் துணியைப் பற்றி நினைக்கிறோமா?

ஆகவே நான் மூன்று காரியம் சொல்லுகிறேன். ஒன்று, பூஞ்சேரிப் பாறையில் இருக்கிற பேர்களைப் பெரிய எழுத்தில் எழுதி, மாமல்லபுரத்துக்கு வருகிறவன் முதலில் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். ராஜா பேருக்குக் கீழே வைத்தாலும் சரி, பக்கத்தில் வைத்தாலும் சரி, வைத்தாக வேண்டும். இரண்டு, பட்டறைகளில் தண்ணீரும் முகமூடியும் வைத்தியப் பரீட்சையும் ஏற்பட வேண்டும். அதைக் கேட்டு வாங்கச் சிற்பிகள் சங்கம் கூட வேண்டும். மூன்று, இந்தத் தொழில் இன்ன வீட்டுப் பிள்ளைக்குத்தான் வரும், ஆண் பிள்ளைக்குத்தான் வரும் என்கிற பேச்சு ஒழிய வேண்டும். இதே செங்கற்பட்டில்தான் 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடி, பிறவியினால் உயர்வு தாழ்வு இல்லை என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் உளிக்கும் பொருந்தும். கலை ரத்தத்தில் வருவதானால் பயிற்சி எதற்கு? கல்லூரி எதற்கு? பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை கையில் உளியும் சுத்தியும் கொடுத்து, பக்கத்தில் பொறுமையுள்ள ஒரு ஆசிரியரை உட்கார்த்திப் பாருங்கள். ரத்தமா பயிற்சியா என்பது பத்து வருஷத்தில் தெரிந்துவிடும்.

தோழர்களே!  நான் சொன்னதனாலேயே இவற்றை நம்பிவிட வேண்டாம். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வல்லத்தில் "செயிவித்த" என்கிற வார்த்தை எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பூனையைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் பந்தயம் கட்டுங்கள். திரும்பும்போது பூஞ்சேரியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்தப் பாறை எங்கே என்று விசாரியுங்கள். நேரில் பார்த்த பிறகு உங்கள் புத்திக்கு எது சரியென்று படுகிறதோ அதை வைத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள் என்று சொல்லி என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.